யூ-வி தளத்தில் (பரப்பின் ஒவ்வொரு புள்ளியையும் யூ, வி என்ற இரு எண்களால் குறிக்கும் தட்டையான வரைபடம்) சீராக இருக்கும் முக்கோண மெஷ், அதாவது வலை, வளைந்த பரப்பில் ஏற்றியதும் ஏன் நசுங்குகிறது? துல்லியமாகப் போட என்ன வழி?

நானும் இதில் மாட்டியவன்தான். எனக்கு வாய்த்தது டோரஸ், அதாவது மெதுவடை வடிவம். நடுவட்டத்தின் ஆரம் 60 மி.மீ., குழாயின் ஆரம் 20. யூ-வி சதுரத்தைச் சம கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு இரண்டு முக்கோணமாகப் பிரித்து மேலே ஏற்றினேன். வடையின் வெளி விளிம்பு 80 மி.மீ. ஆரமுள்ள வட்டம், ஓட்டைப் பக்கம் 40. அதே யூ இடைவெளி உள்ளே வரும்போது பாதியாகிவிடுகிறது. நசுங்காமல் என்ன செய்யும்?

ஆகவே நீளத்தை யூ-வி தளத்தில் அளக்காதீர்கள். பரப்பின் இரு பகுதி வகைக்கெழுக்களையும் (யூவை மட்டும், வியை மட்டும் மாற்றினால் புள்ளி எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பவை) எடுத்து, அவற்றின் உட்பெருக்கங்களால் நீளம் காணுங்கள். காஸின் முதல் அடிப்படை வடிவம் என்று படித்திருப்பீர்களே, அதுதான். புள்ளிகளை ஒல்லியில்லாத முக்கோணங்களாக இணைக்கும் டெலானே முறையில், முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாகப் போகும் வட்டத்துக்குள் வேறு புள்ளி இருக்கிறதா என்று சோதிக்கும்போதும் இதே நீளக் கணக்குதான் வேண்டும். யூ-வி தளத்தில் அந்த வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். சொந்தமாக எழுதும் கட்டாயம் இல்லையென்றால் ஜிமெஷ் என்ற மெஷ் போடும் மென்பொருள் போதும், இலவசம்.

அடுத்து, முக்கோணம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? பலரும் விளிம்பின் நடுப்புள்ளியை மட்டும் சோதிப்பார்கள். ஆரம் 50 மி.மீ. உள்ள கோளத்தில் 0.05 மி.மீ. பிழை (தட்டையான முக்கோணத்துக்கும் பரப்புக்கும் உள்ள இடைவெளி) வரை பரவாயில்லை என்று வையுங்கள். நாண் கணக்குப்படி (நீள வர்க்கம் ÷ (8 × ஆரம்)) பக்கம் 4.47 மி.மீ. வரை போகலாம். ஆனால் சமபக்க முக்கோணத்தின் மையத்தில் 8 இருக்கும் இடத்தில் 6 வரும். பிழை 0.067 ஆகிவிடும். பக்கத்தை 3.87க்குக் குறைத்தால்தான் சரி. மையத்தையும் சோதியுங்கள்.

"இன்னும் நெருக்கமாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணிதவியலாளர் ஹெர்மான் ஷ்வார்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை உடைத்துவிட்டார். ஓர் உருளையைக் கிடையாகப் பட்டைகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் சம இடைவெளியில் புள்ளிகள் வைத்து, அடுத்த வட்டத்தை அரை இடைவெளி திருப்பி இணையுங்கள். புள்ளிகள் எல்லாம் உருளையின் மேலேயே இருக்கும், தூரப் பிழையும் பூஜ்யத்தை நோக்கித்தான் போகும். ஆனால் பட்டைகளின் எண்ணிக்கையை, ஒரு வட்டத்திலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கையின் கனமாக (மூன்றாம் அடுக்காக) ஏற்றினால், மொத்தப் பரப்பளவு முடிவிலிக்குப் போகும்! முக்கோணங்கள் விசிறி மடிப்பு மாதிரி சாய்ந்துவிடுவதுதான் காரணம். அதனால் தூரத்தோடு, முக்கோணத்தின் செங்குத்துத் திசை பரப்பின் செங்குத்திலிருந்து எத்தனை பாகை விலகுகிறது என்றும் பார்க்க வேண்டும். ஓப்பன் கேஸ்கேட் என்ற 3டி வடிவமைப்பு நிரல் நூலகம் கோணத்துக்கென்று தனி வரம்பு கேட்பது சும்மா இல்லை. அதை மாற்றாமல் விட்டால் 0.5 ரேடியன், கிட்டத்தட்ட 29 பாகை. என்னைக் கேட்டால் ரொம்பத் தாராளம்.

அப்புறம் தையல், அதாவது யூ-வி சதுரத்தின் எதிரெதிர் விளிம்புகள் பரப்பில் ஒன்றுசேரும் இடம். எல்லாம் முடித்து எஸ்டிஎல் கோப்பாக்கிய (முக்கோணங்களைச் சேமிக்கும் வடிவம்) பிறகு, 3டி பிரிண்டர் மென்பொருள் என் வடையை "மூடிய வடிவம் இல்லை" என்று திருப்பிவிட்டது. திரையில் ஓட்டையே தெரியவில்லை, அரை நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால் 0 பாகையின் சைன் 0, ஆனால் கணினியில் 360 பாகையின் சைன் சுத்த பூஜ்யமாக வராது. பதினாறாவது தசம இடத்தில் ஒரு சிறு எண் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே புள்ளி இரண்டு புள்ளியாகிவிட்டது. கடைசி வரிசையைக் கணக்கிடாமல் முதல் வரிசையின் புள்ளிகளையே திரும்பப் பயன்படுத்தினேன், மூடிக்கொண்டது.