காய்ந்த இலையையும் வெட்டிய புல்லையும் நேரடியாகத் தோட்டத்து மண்ணில் புதைக்கலாமா?

தாராளமாகப் புதைக்கலாம். தனியாகத் தொட்டி எதுவும் வேண்டாம். ஓர் அடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, பாதிவரை கழிவை நிரப்பி, நன்றாக நனைத்து, மேலே அரையடி மண் போட்டு மூடுங்கள். மற்றதை மண்புழுவும் நுண்ணுயிர்களும் பார்த்துக்கொள்ளும்.

பலர் சறுக்குவது புதைத்த கையோடு அதன் மேலேயே செடி நடுவதில்தான். காய்ந்த இலையில் கரிமம் (கார்பன்) அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். செடியின் அடி இலைகள் முதலில் வெளிறி மஞ்சளாகும். மட்கி முடியும்போது அந்தச் சத்து மண்ணுக்கே திரும்பிவிடும், ஆனால் அதுவரை செடி பட்டினிதான். அதனால் காய்ந்த இலையோடு பச்சைப் புல்லையும் கலந்து போடுங்கள். கரிமம் தழைச்சத்தைப்போல 25 முதல் 30 மடங்கு இருப்பது நல்லது என்பார்கள். அதற்காகத் தராசைத் தூக்க வேண்டாம், கண்ணளவு போதும். புல்லை மட்டும் அமுக்கிப் புதைத்தால் காற்றுப் புகாமல் கொழகொழவென்று அழுகி நாறும்.

விதை முற்றிய களை, நோய் தாக்கிய செடி இரண்டும் கூடாது. பெரிய உரக்குவியலில் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். மண்ணுக்கடியில் அந்தச் சூடு வராது. தடித்த கிளைகளையும் ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம், எப்போது நடுவது? வெதுவெதுப்பான ஈர மண்ணில் சில மாதம், குளிர்ந்த மண்ணில் ஒரு வருடம்கூட ஆகலாம். கிளறிப் பார்த்து, இலை அடையாளம் தெரியாமல் கருத்து உதிர்ந்தால் நடலாம். காத்திருக்க முடியாதென்றால் இப்போது செடி வரிசைகளுக்கு இடையில் புதையுங்கள், அடுத்த பருவத்தில் அங்கே நடுங்கள்.