பதில்: குடியை விட்டால்தான் இடம் என்று சொல்லலாமா?

உங்கள் குடியிருப்பு வாசலில் இரவில் படுக்கும் அந்தப் பெரியவரை விரட்ட வேண்டும் என்று சங்கத்தில் பாதிப் பேரும், குடியை அடியோடு நிறுத்தினால் காலியாக இருக்கும் காவலாளி அறையைத் தரலாம் என்று மீதிப் பேரும் சொல்வதாக எழுதியிருந்தீர்கள்.

விரட்டினால் அடுத்த தெருவுக்குப் போவார், அவ்வளவுதான். எனக்குப் பயமாக இருப்பது இரண்டாவது யோசனைதான். பல வருடமாகத் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கத்தோடு முடியாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் மனம் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். உயிரே போகலாம். நிறுத்துவதென்றால் மருத்துவர் மேற்பார்வையில்தான். தயவுசெய்து இதை மட்டுமாவது கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

நிபந்தனை இல்லாமல் முதலில் வீடு, மற்றது பிறகு என்ற முறையை 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கினார். பின்லாந்து 2008 முதல் அதையே அரசுத் திட்டமாக நடத்துகிறது. அப்படி வீடு கிடைத்தவர்களில் பெரும்பாலானோர் அதைத் தக்கவைத்துக்கொண்டார்கள். ஆனால் குடி தானாகக் குறைந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள், அதற்குச் சிகிச்சை தனி.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கூட்டமாகப் போய்ப் பேசாதீர்கள் (பஞ்சாயத்து என்று நினைத்து ஓடிவிடுவார்). ஒரே ஆள், சில நாள் தொடர்ந்து போய்ப் பேசட்டும். பெயரைக் கேளுங்கள். அடையாள அட்டை இருக்கிறதா, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்று மெதுவாக விசாரியுங்கள். மருத்துவமனைக்கு வரச் சம்மதித்தால் அதே ஆளே கூடப் போகட்டும்.