வெட்டுப்புள்ளிக்கு மூண்டு குறைவு

அண்ணா,
மகளுக்கு இந்தமுறை அஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப் சோதனையில வெட்டுப்புள்ளிக்கு மூண்டு மார்க்ஸ் குறைஞ்சு போச்சு. ரிசல்ட் வந்த நாளில இருந்து ரியூசன் பக்கமே போகமாட்டன் எண்டு நிக்கிறா. தகப்பன் முகம் குடுத்துக் கதைக்கிறாரில்லை. இந்தச் சோதனையைத் தூக்கினா என்ன? நீங்கள் இதைப்பற்றி ஒண்டும் எழுதேல்லையே.
ஒரு அம்மா, கிளிநொச்சி

தங்கச்சி,

முதல்ல தகப்பனிட்ட ஒரு கதை சொல்லுங்கோ. 2024ல இதே சோதனையின்ர முதலாம் பேப்பர் கேள்வியள் முன்னமே வெளிய போய், பெற்றோர் கோட்டுக்குப் போய், கடைசியா டிசம்பர் 31 உச்ச நீதிமன்றம் மூண்டு கேள்விக்கு எழுதின எல்லாப் பிள்ளையளுக்கும் முழு மார்க்ஸ் போடச் சொன்னது. விடை பிழையா எழுதின பிள்ளைக்கும்தான். மார்க்ஸ் எண்டுறது இவ்வளவுதான், இதுக்குப் போய் பிள்ளையோட கதைக்காம இருக்கிறதோ?

வெட்டுப்புள்ளியும் கெட்டித்தனத்தை அளக்கிற சாமான் இல்லை. பெரிய பள்ளிக்கூடத்தில எத்தனை இடம் இருக்கோ மேலயிருந்து அத்தனை பேரை எண்ணிக்கொண்டு வந்து எங்க முடியுதோ அங்க ஒரு கோடு. வசதியில்லாத பிள்ளையளுக்குக் குடுக்கிற உதவிப்பணத்துக்கான கோடு மாவட்டத்துக்கு மாவட்டம் வேற, அதே மார்க்ஸ் எடுத்த பிள்ளை இன்னொரு மாவட்டத்தில பாஸாக்கூட இருக்கும்.

தூக்கவேணுமோ எண்டா, முழுசா வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். கன்னங்கரா கல்வி மந்திரியா இருந்த 1940களில கிராமங்களுக்குக் கிட்ட ஹொஸ்டலோட மத்திய கல்லூரியள் வந்ததும், வசதியில்லாத வீட்டுப் பிள்ளை சோதனை பாஸ் பண்ணி அங்க போய்ப் படிச்சதும் பெரிய விசயம். அந்த உதவிப்பணம் இருக்கட்டும். எனக்கு எரியிறது மற்றப் பகுதி, இந்த மார்க்ஸைப் பாத்து பெரிய பள்ளிக்கூடங்களுக்கு ஆறாம் வகுப்புக்குப் பிள்ளையளை எடுக்கிறது. பெரிய பள்ளிக்கூடத்தில ஒண்டாம் வகுப்பிலயே சேர்ந்த பிள்ளை சோதனையில கோட்டை விட்டாலும் அங்கயே ஆறாம் வகுப்புக்குப் போகும், வெளியில நிக்கிற உங்கட பிள்ளைக்குத்தான் வெட்டுப்புள்ளி. பழைய மாணவரின்ர பிள்ளை, பக்கத்தில வீடு எண்டு அஞ்சு வயசில உள்ள போனவைக்கு ஒரு வழி, மற்றவைக்கு பத்து வயசில ரெண்டு பேப்பர். இதை ஒருத்தரும் பெரிசாக் கதைக்கிறேல்லை, ஏனெண்டா கதைக்கக்கூடிய ஆக்களின்ர பிள்ளையள் ஏற்கெனவே உள்ளுக்க.

நானும் யோக்கியன் இல்லை. என்ர மூத்தவன் எழுதின வருசம் விடிய நாலரைக்கு எழுப்பி, மேசையில மணிக்கூட்டை வச்சு, மாதிரிப் பேப்பர் செய்ய விட்டிட்டு பக்கத்தில தேத்தண்ணியோட இருப்பன். ஒருநாள் ஒரு கணக்குக்கு விடையை எழுதுறான், என்னைப் பாக்கிறான், அழிக்கிறான், திருப்பி எழுதுறான், என்னைப் பாக்கிறான். அழிச்சழிச்சு பேப்பர் ஓட்டையாப் போச்சு, ஓட்டைக்குள்ளால மேசை தெரியுது. முதல் எழுதின விடைதான் சரி. அண்டைக்குத்தான் மணிக்கூட்டை எடுத்து உள்ள வச்சனான், அதுவும் மனுசி ஏசின பிறகு.

ரியூசன் சந்தியில இப்ப பாஸான பிள்ளையளின்ர படத்தோட பிளெக்ஸ் கட்டியிருப்பாங்கள், கொஞ்ச நாளைக்கு அந்த றோட்டால போகாதேங்கோ. கிட்ட இருக்கிற பள்ளிக்கூடத்தில ஆறாம் வகுப்புக்கு விடுங்கோ. ஏ.எல். எண்ட உயர்தரச் சோதனை எடுத்து கம்பஸ் போகேக்க ஸ்கொலசிப் மார்க்ஸ் ஒருத்தரும் கேக்கமாட்டினம், என்னட்டக் கேக்கேல்லை.

ரியூசனுக்கும் இப்ப லீவு விடுங்கோ. ரெண்டு வருசமா ஏத்தி இறக்கினதில பிள்ளைக்கு சைக்கிள் பழகவும் நேரம் கிடைச்சிருக்காது. தகப்பனைப் பின்னால பிடிச்சுக்கொண்டு ஓடச் சொல்லுங்கோ, கதைக்காம ஓட ஏலாது.