மர ஜிக்சாவும் கிறிஸ்துமஸ் மரமும்: வாங்கினவங்க கேட்ட கேள்விகள்

கிறிஸ்துமஸ் வந்தாலே மர ஜிக்சா (துண்டு துண்டா வெட்டின படத்தைத் திரும்ப சேர்க்கிற விளையாட்டு), கிறிஸ்துமஸ் மரத்துல தொங்கவிடுற அலங்காரம் பத்தின கடிதம்தான் அதிகமா வருது. எல்லாத்தையும் சுருக்கிப் போட்டிருக்கேன்.

கேள்வி: 1000 பீஸ் மர ஜிக்சான்னு ஆன்லைன்ல ஆர்டர் பண்ணேன். போட்டோவுல மேஜை முழுக்க விரிஞ்சு கிடந்துச்சு. வந்தது ஏ4 பேப்பர் அளவு. எங்க அம்மாவுக்கு பீஸ் கண்ணுக்கே தெரியல. கேட்டா "எண்ணிப் பாருங்க, 1000 சரியா இருக்கும்"ங்கிறாங்க.

பதில்: எண்ணிக்கை சரியா இருந்தா மட்டும் போதுமா? உங்களை ஏமாத்தியிருக்காங்க, அதுல சந்தேகமே இல்ல. ஏ4-ன்னா 29.7-க்கு 21 சென்டிமீட்டர், பெருக்கினா சுமார் 624 சதுர சென்டிமீட்டர், அதை 1000-ஆ வெட்டினா ஒரு பீஸுக்கு ஒரு பக்கம் 8 மில்லிமீட்டர் கூட வராது. அட்டையில வர்ற 1000 பீஸ் பெரும்பாலும் 70-க்கு 50 கிட்ட இருக்கும், அதுல ஒரு பீஸ் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் வரும். அந்த மேஜை போட்டோவை அவங்க மாத்துறதுக்கு முன்னாடி இப்பவே ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. வந்த ஜிக்சா பக்கத்துல ஸ்கேல் வெச்சு ஒரு போட்டோ எடுங்க. ரெண்டையும் சேர்த்து "காட்டின அளவு வேற, அனுப்பின அளவு வேற"ன்னு எழுத்துல புகார் குடுங்க, போன்ல பேசிட்டு விட்டுடாதீங்க. கார்டுல பணம் கட்டியிருந்தா பேங்க்குக்கும் எழுதுங்க. அடுத்த தடவை பீஸ் எண்ணிக்கைக்கு முன்னாடி சென்டிமீட்டரைப் பாருங்க. கண்ணு மங்கின பெரியவங்களுக்கு ஏ4 அளவுல 200 பீஸே நிறைய.

கேள்வி: பீஸோட ஓரமெல்லாம் கருப்பா இருக்கு, புகை வாசனை வருது, கையில கரி ஒட்டுது. பழைய சரக்கா?

பதில்: இல்ல. லேசர்ல வெட்டினா ஓரம் கருகத்தான் செய்யும். உலர்ந்த துணியால துடைச்சு ரெண்டு நாள் காத்தாட விரிச்சு வைங்க, ஈரத்துணி வேண்டாம். படம் இருக்குற பக்கத்துலயே புகைக்கறை இருந்தா மட்டும் திருப்பி அனுப்புங்க.

கேள்வி: "அசல் மரம், கைவினைஞர் தயாரிப்பு"ன்னு பெட்டியில போட்டிருந்துச்சு. வந்தது எம்டிஎஃப் மாதிரி தெரியுது. எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: இந்த ரெண்டு வார்த்தையும் எனக்கு ரொம்ப நாள் ஆத்திரம், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். ஒரு பீஸை எடுத்து பக்கவாட்டுல பாருங்க. ப்ளைவுட்னா மெல்லிசா அடுக்கு அடுக்கா கோடு தெரியும், எம்டிஎஃப்னா கோடே இருக்காது, ஒரே மாதிரி கெட்டி அட்டை கணக்கா இருக்கும், ஏன்னா அது மரத்தை நாரா ஆக்கி பிசின் போட்டு அழுத்தினது. ஓரம் கருகியிருந்தா நகத்தால லேசா சுரண்டிட்டு பாருங்க. எம்டிஎஃப் மோசம்னு நான் சொல்லல, "எம்டிஎஃப்"னு எழுதி அதுக்கேத்த விலைக்கு வித்தா நானே வாங்குவேன். அதை "அசல் மரம்"னு விக்கிறதைத்தான் சொல்றேன்.

சில வருஷம் முன்னாடி எங்க அக்காவுக்கு கிறிஸ்துமஸ் மர வடிவத்துலயே வெட்டின ஜிக்சா ஒண்ணு வாங்கினேன். பெட்டியில இதே மாதிரி வாசகம்தான். நடுவுல மணி, மான், நட்சத்திரம்னு உருவமா வெட்டின பீஸ்கள், பாக்க அவ்வளவு அழகு. ஒரு மழைக்காலம் தாண்டினதும் ஓரமெல்லாம் ஊதி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகவே மாட்டேன்னுச்சு. உச்சியில வைக்கிற நட்சத்திரத்தை அக்கா லேசாத்தான் அழுத்தினாங்க, கழுத்து மாதிரி ஒடுங்கின இடத்துல ஒடிஞ்சு, மேல ஒட்டியிருந்த படத்தாள் மட்டும் தோலா தொங்குச்சு. வித்தவங்ககிட்ட கேட்டதுக்கு பதிலே வரல. அந்த பெட்டியை அக்கா இன்னும் தூக்கிப் போடல, அதைப் பாக்கிறப்பல்லாம் எனக்கு கோவம் வருது.

"கைவினை"ங்கிறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. 1760-கள்ல லண்டன்ல ஜான் ஸ்பில்ஸ்பரின்னு ஒரு வரைபடக்காரர், மெல்லிசான பலகையில மேப்பை ஒட்டி, நாடுகளோட எல்லை வழியா கையாலயே அறுத்து, பிள்ளைங்க பூகோளம் படிக்கிறதுக்கு வித்தார். இன்னைக்கும் ரம்பத்தால ஒவ்வொரு பீஸா அறுக்கிறவங்க இருக்காங்க, அவங்க கேக்குற விலை அந்த உழைப்புக்கு நியாயமான விலை. அந்த பீஸ்ல கருகல் இருக்காது, ரெண்டு பெட்டி அச்சு அசலா ஒரே மாதிரி இருக்காது. கம்ப்யூட்டர்ல வரைஞ்சு லேசர்ல வெட்டினதுக்கு அவங்க பேரை ஒட்டி விக்கிறது, வாங்குறவங்களுக்கு மட்டுமில்ல அறுக்கிறவங்களுக்கும் பண்ற துரோகம். எந்த மரம், எத்தனை மில்லிமீட்டர் கனம், எதால வெட்டினதுன்னு மூணு கேள்வி கேளுங்க. பதில் சொல்லாதவங்ககிட்ட வாங்காதீங்க.

கேள்வி: செப்டம்பர்ல வாங்கி வெச்சேன், கிறிஸ்துமஸ் அன்னைக்குத்தான் பிரிச்சோம். ஒரு பீஸ் குறையுது. பில்லும் பெட்டியும் தூக்கிப் போட்டாச்சு. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கிறது கஷ்டம். மூணு மாசம் பிரிக்காம வெச்சுட்டு பில்லையும் போட்டுட்டா வித்தவங்களை நான் எப்படி கேக்கிறது? வந்த அன்னைக்கே பிரிச்சு எண்ணுங்கன்னு வருஷா வருஷம் எழுதுறேன். ஒரு வழி இருக்கு. லேசர்ல வெட்டுறவங்ககிட்ட டிசைன் ஃபைல் இருக்கும், மனசு வெச்சா அந்த ஒரு பீஸை மட்டும் வெட்டித் தர முடியும். அந்த ஓட்டையைச் சுத்தி இருக்குற பீஸ்களோட சேர்த்து தெளிவா போட்டோ எடுத்து, தயாரிச்சவங்களுக்கே அனுப்பிக் கேளுங்க.

கேள்வி: மரத்துல ஒளிச்சு வைக்கிற கண்ணாடி ஊறுகாய் வெள்ளரிக்காய் வாங்கினேன். முதல்ல கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு கூடுதல் பரிசாம், பழைய ஜெர்மன் வழக்கமாம். அந்தக் கதை அச்சடிச்ச கார்டுக்காகவே விலை கூட. உண்மையா?

பதில்: கதைக்கு காசு குடுத்துட்டீங்க. ஜெர்மன்காரங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த வழக்கமே தெரியாது, அது அமெரிக்காவுல பரவின விஷயம். ஆனா கண்ணாடி அலங்காரத்துக்கு நிஜமான ஜெர்மன் சரித்திரம் இருக்கு. அப்ப ஜெர்மன் ஊரா இருந்த ஸ்ட்ராஸ்பர்க்ல 1605-லயே வீட்டு மரத்துல ஆப்பிளும் காகித ரோஜாவும் கட்டினதா குறிப்பு இருக்கு. 19-ஆம் நூற்றாண்டுல துரிங்கியா பகுதியில லௌஷான்னு ஒரு ஊர்ல, கண்ணாடியை ஊதி ஊதி பழமும் கொட்டையும் பந்துமா செஞ்சு ஊர் ஊரா அனுப்பினாங்க. உங்க வெள்ளரிக்காய் ஊதின கண்ணாடியா இருந்தா வெச்சுக்கோங்க, பிள்ளைங்க தேடுற சந்தோஷம் உண்மைதானே. கார்டுக்கு மட்டும் இனிமே காசு குடுக்காதீங்க.

கேள்வி: பழைய பொருள் விக்கிற இடத்துல ஒரு பெட்டி வெள்ளி ஜரிகை கிடைச்சுது, மரத்துல போடுறது. இப்ப வர்றதைவிட கனமா நேரா தொங்குது, பாக்க அருமை. போடலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கனம் ஈயத்தோட கனமா இருக்கலாம். 1970-கள் தொடக்கம் வரைக்கும் ஈயத்தகடுல செஞ்ச ஜரிகை கடையில வித்துச்சு, நேரா தொங்குறதாலதான் எல்லாருக்கும் பிடிச்சுது. சின்னப் பிள்ளைங்க வாயில வெச்சா நரம்பையும் மூளையையும் பாதிக்கும். கையுறை போட்டு எடுத்து பையில கட்டி, ஆபத்தான குப்பையா குடுங்க. இப்ப வர்றது பிளாஸ்டிக், பறக்கும், சுருளும், ஆனா விஷம் இல்ல.

கேள்வி: விக்டோரியா ராணி குடும்பம் மரத்தைச் சுத்தி நிக்கிற 1848 படத்தை ஜிக்சாவா சேர்த்தோம். அதுல இருக்குற மாதிரி எங்க மரத்துலயும் நிஜ மெழுகுவர்த்தி வைக்க ஆசை. கிளிப் எங்க நல்லதா கிடைக்கும்?

பதில்: சொல்ல மாட்டேன். காஞ்ச மரம் பத்திக்கிட்டா நொடியில வீடே போயிடும். எடிசன்கூட வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன் 1882-லயே நியூயார்க்ல தன் வீட்டு மரத்துல 80 மின்விளக்கு போட்டுட்டார். எல்இடி வாங்குங்க.

கேள்வி: 24-ஆம் தேதி ராத்திரி மரம் ஜோடிச்சு முடிச்சதும் எல்லாரும் உக்காந்து ஒரு ஜிக்சா சேர்க்கிறது எங்க வீட்டு வழக்கம். இந்த வருஷம் "20-க்குள்ள நிச்சயம்"னு சொன்னது 27-க்குத்தான் வந்துச்சு. பிள்ளைங்க அழுதுடுச்சு. வாங்கிக்கிட்டதால திருப்ப முடியாதுங்கிறாங்க.

பதில்: படிக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. தேதி சொல்லி வித்தது வாக்குறுதி, பார்சலை வாங்கினதால அது மறைஞ்சுடாது. அந்தத் தேதி இருக்குற மெசேஜையும், டெலிவரி ஆன தேதியையும் ஒண்ணா வெச்சு முழுப் பணமும் கேளுங்க. முடிவு தெரியுற வரைக்கும் பெட்டி சீலை உடைக்காதீங்க. இல்ல, பிள்ளைங்களுக்காக வெச்சுக்கிறதா இருந்தா விலையில ஒரு பகுதியாவது குறைக்கச் சொல்லுங்க, அதுல தப்பில்ல. கிறிஸ்துமஸோட 12 நாள் 25-ல தொடங்கி ஜனவரி 5 வரைக்கும் ஓடும், நிறைய வீட்டுல மரத்தை அதுக்கப்புறம்தான் கழட்டுவாங்க. மரம் நிக்கிற வரைக்கும் சேர்க்கலாம்னு பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க.

கேள்வி: சேர்த்து முடிச்ச மர ஜிக்சாவை பசை போட்டு ஒட்டி ஃப்ரேம் போடலாமா?

பதில்: போடாதீங்க. அடுத்த டிசம்பர்ல எதைச் சேர்ப்பீங்க?