சந்தியில் தொங்கும் பிள்ளையின் புள்ளி யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மகளுக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி. எங்களைக் கேட்காமலே ரியூசன்காரர் அவளின் படம், பரீட்சைச் சுட்டெண், புள்ளி எல்லாம் போட்டு யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு சந்தியில் பதாகை கட்டிவிட்டார்கள். பாடசாலையும் முழு வகுப்பின் புள்ளிப் பட்டியலைப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறது. கேட்டால், "பாடசாலையின் தரம் சனத்துக்குத் தெரிய வேண்டாமா" என்கிறார் அதிபர். அந்தப் புள்ளி யாருடையது?

பதில்: சொந்தம் யாருக்கு என்று தொடங்கினால் இழுபறிதான். புள்ளி போட்டது பரீட்சைத் திணைக்களம், படிப்பித்தது பாடசாலை, இருந்து எழுதினது பிள்ளை. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அந்த வழக்குக்குள் போகவில்லை. தரவை வைத்திருப்பவர் எதைச் செய்யலாம், நீங்கள் எதைக் கேட்கலாம் என்றுதான் பார்க்கிறது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தரவு அதில் விசேட வகை. சம்மதத்தின் பேரில் பயன்படுத்துவதென்றால் பெற்றோரோ பாதுகாவலரோதான் அதைக் கொடுக்க வேண்டும், கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியும். ஆனால் இந்தச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வருவதாக இருந்து பின்போடப்பட்டன, அதனால் சட்டத்தை மட்டும் காட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

முதலில் சுட்டெண்ணை அழிப்பியுங்கள். படத்தை விட அதுதான் எனக்குப் பயம், ஏனென்றால் அந்த எண் கையில் இருந்தால் திணைக்களத்தின் இணையத்தளத்தில் யாரும் பிள்ளையின் பெறுபேற்றைப் பார்க்கலாம். அதிபருக்கும் ரியூசன் பொறுப்பாளருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி, எதை, எந்தத் திகதிக்குள் அகற்ற வேண்டும் என்று சொல்லி, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். அதற்கு முதலே பதாகையையும் பதிவையும் போனில் படம் எடுத்து வைத்திருங்கள், கடிதம் போன பிறகு "அப்படி ஒன்றும் போடவில்லையே" என்பார்கள். பாடசாலை அசையாவிட்டால் வலயக் கல்விப் பணிமனை. பேஸ்புக் பதிவை அங்கேயே முறைப்பாடு செய்யவும் வசதி இருக்கிறது.

தரம் பற்றி அதிபர் சொல்வது முழுக்கப் பிழையும் இல்லை. வரிப்பணத்தில் நடக்கும் பாடசாலை எப்படிப் படிப்பிக்கிறது என்று ஊர் கேட்கத்தான் வேண்டும். எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள், 70 புள்ளிக்குக் கீழே எத்தனை பேர், கணிதத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா, இதில் எதற்கும் ஒரு பிள்ளையின் பெயர் தேவையில்லை. சொல்லப்போனால் பதாகையில் மேலே வந்த பிள்ளைகள்தான் இருப்பார்கள், கீழே விடப்பட்டவர்கள் இருக்க மாட்டார்கள், அதைப் பார்த்து எந்தத் தரத்தை அளக்கிறது? அரச பாடசாலை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் இந்த எண்ணிக்கைகளை நீங்களே கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ரியூசன் தனியார் இடம், அங்கே அந்தச் சட்டம் பொதுவாகப் போகாது.

அப்புறம், அடுத்த பிள்ளையை ரியூசனில் சேர்க்கும்போது படிவத்திலேயே "படம், பெயர், புள்ளியை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதமில்லை" என்று கையால் எழுதிக் கையொப்பம் வையுங்கள், ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும்.