வார்ஹேமர் என்ற மேசைப் போர் விளையாட்டின் மினியேச்சர்களுடைய (சிறு உருவங்களுடைய) கவசத்துக்கு வெள்ளி வண்ணம் பூசினால், அது இரும்பாகத் தெரியாமல் வெறும் பெயின்டாகவே தெரிகிறது. ஏன்?

நீங்கள் அந்த விளையாட்டின் கிரே நைட்ஸ் படை வீரர்களுக்கு லெட்பெல்ச்சர் என்ற வெள்ளி வண்ணத்தை இரண்டு முறை பூசிவிட்டு நிறுத்தியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வண்ணத்தில் குறையில்லை, போதிய இருள் இல்லாததுதான் குறை. நன்கு தேய்த்துத் துலக்கிய எவர்சில்வர் குடத்தை விளக்கருகே வைத்துப் பார்த்தால், அதன் பெரும்பகுதி சாம்பலும் கருமையுமாக இருக்க, பளீரென்ற வெள்ளை ஓரிரு கீற்றுகளில் மட்டுமே தெரியும். விரல் உயரமே உள்ள உருவத்தில் அந்தக் கருமை தானாக விழாது என்பதால், நாம்தான் அதைத் தீட்ட வேண்டும்.

கருப்பு பிரைமரின் (அடிப்பூச்சின்) மேல் லெட்பெல்ச்சர் நன்றாகக் காய்ந்த பிறகு, நல்ன் ஆயில் என்ற நீர்த்த கருப்பு வண்ணத்தைக் கவசத் தகடுகள் சேரும் இடுக்குகளிலும் ஆணித்தலைகளைச் சுற்றியும் விடுங்கள். முழங்கால் தகடு போன்ற வழவழப்பான பரப்பில் அது தேங்கினால், காயும்போது காப்பி டம்ளர் வைத்த மேசையில் விழுவதைப் போன்ற வளையக் கறை விழும். ஆகவே ஈரமாக இருக்கும்போதே, சுத்தமான பிரஷ்ஷின் நுனியால் அந்தத் துளியை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அரை மணி நேரம் காயவிட்டு, தகட்டின் நடுவே மீண்டும் லெட்பெல்ச்சரையும், மேல்நோக்கிய விளிம்புகளில் அதைவிட வெளிறிய வெள்ளி வண்ணமான அயர்ன்பிரேக்கரையும், கூர்முனைகளில் மட்டும் இன்னும் பளீரென்ற ஸ்டார்ம்ஹோஸ்ட் சில்வரையும் இழுத்தால் போதும். பழைய வழிகாட்டிகளில் வரும் போல்ட்கன் மெட்டல், பாதாப் பிளாக் ஆகிய பழைய வண்ணங்களைத் தேடி அலைய வேண்டாம். 2012-இல் இவ்வண்ணங்களின் பிராண்டான சிட்டடெல் தன் வண்ண வரிசையை மாற்றியபோது வந்த லெட்பெல்ச்சரும் நல்ன் ஆயிலும் அவற்றுக்கு மிக நெருக்கமானவை.

உலோக வண்ணத்தின் மினுக்கம் அதில் மிதக்கும் நுண்செதில்களால் வருவது. அவை அடியில் படிந்துவிடும் என்பதால் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். பிரஷ் கழுவத் தனித் தண்ணீரும் வேண்டும். இதைப் பொருட்படுத்தாமல் நான் ஒரே குவளையில் கழுவிய பிரஷ்ஷால் ஒரு தளபதியின் சிவப்பு அங்கியைத் தீட்ட, அது ஜிகினாப் புடவை போல் மின்னியது. அங்கி முழுவதையும் மறுபடி பூச வேண்டியதாயிற்று.

கடைசியில் மேட் வார்னிஷ் அடிப்பதாக இருந்தால், அது கவசத்தின் பளபளப்பை மங்கச் செய்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். வார்னிஷ் காய்ந்த பின் கவசத்தில் மட்டும் பளபளப்பு வார்னிஷை பிரஷ்ஷால் பூசலாம், அல்லது விளிம்புக் கோடுகளை அப்போதுதான் தீட்டலாம். நான் இரண்டாவதையே செய்கிறேன்.

உலோக வண்ணமே இல்லாமல், சாம்பல், வெள்ளை, கருப்பைக் கொண்டே உலோகத் தோற்றம் வரவழைக்கும் முறையையும் கேட்டிருந்தீர்கள். புகைப்படத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் ஒளி எங்கிருந்து விழுகிறது என்பதை ஓவியரே முடிவு செய்து தீட்டிவிடுவதால், விளையாட்டு மேசையில் உருவத்தைத் திருப்பினாலும் அந்த ஒளிக்கீற்று நகராது. நாற்பது வீரர்களைத் தீட்ட வேண்டியவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தளபதி ஒருவருக்கு மட்டும் முயன்று பாருங்கள்.