மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அம்மா இப்போது அந்தப் பக்கத்துக் கை கனக்கிறது என்கிறார். வெறும் அசதியா, டாக்டரிடம் காட்ட வேண்டியதா?

காட்டுங்கள், இந்த வாரமே. நன்றாக வீங்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் ஏழு மாதம் விட்டுவிட்டோம். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

நான் டாக்டர் இல்லை. யாங்கோனில் அனவ்ரத்தா சாலை காளி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில் ரவிக்கை தைக்கிறவள். கழுத்தில் டேப் தொங்காத நாள் கிடையாது. அப்படிப்பட்டவள் வீட்டிலேயே ஒரு கை பெருத்துக்கொண்டு போயிருக்கிறது, நான் அளந்து பார்க்கவில்லை.

மாமியாருக்கு 2022-ல் இடது மார்பில் ஆபரேஷன். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்கள். பிறகு கீமோ, பிறகு 25 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு. முடி திரும்ப வளர்ந்தது, காளியம்மனுக்கு மாவிளக்குப் போட்டோம், எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அடுத்த வருஷம் ஆடிக்கு முன்னால் அத்தை ஒரு ரவிக்கையோடு வந்தார். "இந்தக் கை மட்டும் பிடிக்குதும்மா, கொஞ்சம் பிரிச்சுக் குடு." கால் இஞ்ச் பிரித்துக் கொடுத்தேன். தீபாவளிக்கு இன்னொரு கால் இஞ்ச். பொங்கலுக்கு வந்தபோது பிரிக்க உள்ளே துணியே இல்லை. மூன்று தடவையும் இடது கைதான். "சாப்பாட்டைக் குறைங்க அத்தை" என்று நான் கேலி வேறு செய்தேன்.

இடையில் ஒரு டாக்டரிடம் கேட்கத்தான் செய்தோம். "ஆபரேஷன் பண்ணின பக்கம் அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார். அவர் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இதன் பெயர் லிம்ஃபெடீமா, நிணநீர் வீக்கம். உடம்பில் ரத்தம் தவிர இன்னொரு நீரும் ஓடுகிறது. கையிலிருந்து திரும்பும் அந்த நீர் அக்குள் முடிச்சுகள் வழியாகத்தான் வடிய வேண்டும். முடிச்சுகளை எடுத்துவிட்டாலோ கரண்ட் பட்டு அந்த இடம் இறுகிவிட்டாலோ வடிகால் குறுகிப்போகிறது. மழைக்காலத்தில் எங்கள் சந்தில் சாக்கடை வாய் அடைத்தால் தண்ணீர் மெல்ல மெல்லப் படி ஏறுமே, அதேதான். முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் சுமார் 5 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. சோதனைக்கென்று ஒன்றிரண்டு மட்டும் எடுத்தவர்களில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் வரும். பத்து வருடம் கழித்து வந்தவர்களும் உண்டு. ஆகவே உங்கள் அம்மாவின் ஒன்றரை வருடக் கணக்கு எனக்கு ஆச்சரியமாக இல்லை.

கண்ணுக்கு வீக்கம் தெரிவதற்கு முன்பே கை சொல்லிவிடும். கனம், இறுக்கம், வளையல் மணிக்கட்டில் பதிந்த தழும்பு, சாயந்திரம் கழற்ற முடியாத மோதிரம். எங்கள் பக்கம் காய்கறிக்காரர் தெருவில் நின்று கூப்பிட்டால், பால்கனியில் தொங்கும் கயிற்றில் பையைக் கட்டி மேலே இழுத்துக்கொள்வோம். அத்தை எப்போதோ அந்தக் கயிற்றை வலது கைக்கு மாற்றியிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன், மனசில் உறைக்கவில்லை. ஆரம்பத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும், ராத்திரி படுத்து எழுந்தால் வடியும். விட்டுவிட்டால் தோல் தடித்து இறுகிவிடும். அப்புறம் குறைப்பது பெரும்பாடு.

இன்னொரு விஷயமும் அத்தையைத் தாமதிக்க வைத்தது. எங்கள் நாட்டில் யானைக்கால் நோய் உண்டு; கொசு கடித்துப் புழு பரவுவதால் வருவது. கீழ் வீட்டுக்காரம்மா அத்தையின் கையைப் பார்த்து, "யானைக்கால் கைக்கு ஏறிடுச்சா, ஒட்டிக்குமா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போவதை அத்தை நிறுத்திவிட்டார். முந்தானையை இடது தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டே இருப்பார். இரண்டிலும் அடைபடுவது அதே நிணநீர்ப் பாதைதான், காரணம்தான் வேறு. புற்றுநோய் சிகிச்சையால் வருகிற வீக்கம் யாருக்கும் ஒட்டாது. யானைக்காலும் தொட்டால் ஒட்டுவதில்லை, பாவம் அவர்களையும் ஏன் ஒதுக்க வேண்டும்.

கடைசியில் புற்றுநோய்ப் பிரிவிலேயே வேறொரு டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார். முதலில் அக்குளில் கட்டி திரும்பியிருக்கிறதா, கை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இதற்காகத்தான் நீங்களும் வீட்டு வைத்தியத்தில் இறங்காமல் முதலில் காட்ட வேண்டும் என்கிறேன். இரண்டும் இல்லை என்றான பிறகுதான் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கே போவதற்கு முன் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டிலிருந்து மேல்கை வரை இறுக்கிப் பிடிக்கும் கையுறை போடவேண்டும் என்று கேள்விப்பட்டதும், இது நமக்குத் தெரியாத தையலா என்று நீச்சலுடைத் துணி வாங்கி நானே ஒன்று தைத்தேன். நழுவாமல் இருக்க மேல்கையில் எலாஸ்டிக். மறுநாள் காலையில் அத்தையின் புறங்கை இட்லிபோல உப்பியிருந்தது. வடிகிற வழியில் நானே கயிறு கட்டியிருக்கிறேன். சரியான கையுறையில் அழுத்தம் மணிக்கட்டில் அதிகம், மேலே போகப்போகக் குறையும். பயிற்சி உள்ளவர் அளவெடுத்துக் கொடுக்க வேண்டிய சாமான் அது. பகலில் போட்டு ராத்திரி கழற்றுவது, தினமும் அலசுவது, ஆறு மாதத்தில் தளர்ந்துவிட்டால் மாற்றுவது. எங்களுக்கு ஒரு சொந்தக்காரர் சென்னையிலிருந்து இரண்டு வாங்கி வந்தார், பிசியோதெரபிஸ்ட் எழுதிக்கொடுத்த அளவில்.

கையுறைக்கு முன்னால் மூன்று வாரம் கட்டு. மருந்துக்கடையில் சுளுக்குக்கு விற்கும் இழுவைக் கட்டு இல்லை, அதிகம் நீளாத தனித் துணி. பல அடுக்காகச் சுற்றுவார்கள். ஏப்ரல் வெயில், பாதி நாள் கரண்ட் இல்லை, மின்விசிறி ஓடாது. வெளியே திஞ்ஜான், பர்மியப் புத்தாண்டுத் திருவிழா, தண்ணீர் ஊற்றித் தெருவே ஆடுகிறது, அத்தை உள்ளே பஞ்சுப்பொதி மாதிரி கையை வைத்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். ஆனால் குறைந்தது. கூடவே நிணநீரை வடியவைக்கும் ஒரு தடவல். மயிலிறகால் வருடுவது போலத்தான் இருக்கும். எண்ணெயைச் சுட வைத்து அழுத்தி உருவுகிற நம் ஊர் வைத்தியத்தை அந்தக் கையில் செய்யாதீர்கள். நீர் பிரியும் மாத்திரையும் இதற்குச் சரிப்படாது.

"அந்தக் கையால் ஒரு வேலையும் செய்யக்கூடாது" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். பழைய பேச்சு. 2009-ல் அமெரிக்காவில் காத்ரின் ஷ்மிட்ஸ் குழு, ஏற்கெனவே வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்துப் பார்த்தது. மேற்பார்வையில், கையுறையோடு, கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. அத்தை இப்போது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குகிறார், கயிறும் இடது கைக்குத் திரும்பிவிட்டது. ஊசி, பி.பி. எல்லாம் அந்தக் கையில் கூடவே கூடாதா என்றால், பிந்தைய ஆய்வுகளில் பெரிய தொடர்பு தெரியவில்லை. மறு கை சும்மா இருக்கும்போது அதில் போடச் சொல்கிறோம், அவ்வளவுதான். அவசரத்தில் நர்ஸோடு சண்டை போடவேண்டாம்.

நான் பயப்படுவது தோலில் விழும் சின்னக் காயத்துக்குத்தான். கொசுக்கடியைச் சொறிந்தது, நகம் வெட்டும்போது கிழித்தது, என் மேஜையில் கிடக்கும் குண்டூசி. திடீரென்று கை சிவந்து, சுட்டு, காய்ச்சல் குளிர் வந்தால் அது கிருமி. விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு ராத்திரி நாங்கள் ஓடியிருக்கிறோம்.

டாக்டரிடம் போகும் முன் இன்றைக்கே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் ஆரம்பித்து 10 சென்டிமீட்டருக்கு ஒரு பேனாக் கோடு, இரண்டு கையிலும். ஒவ்வொரு கோட்டிலும் சுற்றளவு, இறுக்காமல். ஒரே இடத்தில் இரண்டு கைக்கும் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைத் தாளோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வித்தியாசம் இல்லாவிட்டாலும் கனக்கிறது என்றால் போங்கள். தினமும் அளக்காதீர்கள், மனசு கெட்டுவிடும். மாதம் ஒரு தடவை, அதே நேரத்தில்.

என் டேப்புக்கு ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். முப்பது வருஷத் தொழிலில் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்ததே அத்தைக்காகத்தான். எங்கள் தொழிலில் ஒரு கையைத்தான் அளப்போம், அதே அளவில் இரண்டு கையையும் வெட்டுவோம். இப்போது யார் வந்தாலும் இரண்டையும் அளக்கிறேன். "என்னக்கா, புதுசா?" என்று சிரிக்கிறார்கள். போன மாதம் ஒருவர் சிரிக்கவில்லை. சட்டென்று வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டு, அத்தையைக் கூப்பிட்டேன்.